நாவற்குடாவுக்குக் குடிபோனவள்

நாவற்குடா
29.01.2025

மங்கையற்கரசி மாமிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியையன்று, இனி உங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் தொலைபேசி எண்ணையும் அன்றே தடுத்துவைத்தேன். ஆறு வருடமாக இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. இது வேறு விஷயம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிபோல ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்து கேற்றைத் தட்டினாள். பெயர் றிஸ்லா. எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவமாது, காத்தான்குடிப் பிள்ளை. பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறார்களாம். முடிவு எழுதாமல் கிடந்த ஒரு பெயரைத் தேடி, தெரு முழுக்க வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"யசோதினி ஜெயரூபன் எண்டவங்க இந்த வீட்டிலயா மிஸ் இரிக்காங்க?"

நான் நாலு வருடமாக நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவள். எந்தக் கேள்விக்கும் தடுமாறியதில்லை. அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? "அக்கா வெளிய போயிரிக்கா."

அவள் சிரித்தாள். "பிள்ளைய முதலாம் வகுப்பில சேத்தாச்சா? அஞ்சு வயசுத் தடுப்பூசி போட்ட பதிவு எங்கட்ட இல்ல மிஸ். வேற எங்கயும் போட்டிருந்தா கார்ட்டக் காட்டச் சொல்லுங்க, மறுகா வாறன்" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் போன பிறகு கேற்றுக்குப் பக்கத்திலேயே நிலத்தில் குந்திவிட்டேன்.

அவள் காட்டிய தாள், கிரானில் மருத்துவமாதாக நீங்கள் எழுதிவந்த கர்ப்பிணித் தாய்மார் பதிவேட்டின் பிரதி. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எதிர்பார்க்கும் பிரசவத் திகதி 19.07.2019. கடைசி நிரலில், "05.03.2019 அன்று நாவற்குடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்." விலாசம், அப்போது இலக்கம் இல்லாத இந்த வீடு.

அக்கா அந்த மார்ச் மாதம் பதினேழாம் திகதி கிரானில் செத்துப்போனாள். நாவற்குடாவுக்கு அவள் வரவே இல்லை. மூத்தவளுக்குக் கிரான் வீடு, இளையவளுக்கு நாவற்குடா வீடு என்று அம்மா எனக்குச் சீதனத்துக்குக் கட்டிக்கொண்டிருந்த வீடு இது. அப்போது இதற்குக் கூரைகூட இல்லை. செத்தவளைக் கூரையில்லாத வீட்டுக்கு ஏன் அனுப்பினீர்கள்?

இன்னொன்று. கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றிக் கொழும்பில் ஒரு குழு அபிப்பிராயம் கேட்கிறது. வன்முறையால் உண்டான கருவுக்கும், பிறந்தாலும் பிழைக்காது என்று தெரிந்த கருவுக்குமாவது சட்டம் வழிவிட வேண்டும் என்று எங்கள் பெண்கள் அமைப்பு வாக்குமூலம் திரட்டுகிறது. மே மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அக்காவுக்கு நடந்ததை, அவள் பெயரோடும் உங்கள் ஒப்பத்தோடும் எழுதித் தாருங்கள். காய்ச்சல் என்ற கதை வேண்டாம்.

மேனுகா


கிரான்
11.02.2025

மனே மேனுகாவுக்கு,

பதிவுத் தபாலில் போட்டிருக்கிறாய். தபால்காரர் ஒப்பம் வாங்கிக்கொண்டு, "என்ன மிஸ், கோட்டுக் கடிதமா?" என்று கேட்டார். "ஓம், என்ட மருமகள் கோட்டுக்காரிதான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நீ என்னைத் திட்டினாலும் அது போகாது.

இன்று தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை, முழங்கால் ஏலாது. உன் மாமா வட்டையில் நிற்கிறார். வெள்ளம் கொண்டுபோனது போக மிஞ்சிய வயலை வெட்டுகிறார்கள். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தாயிற்று.

பதிவேட்டில் ஒரு தாயின் பெயரை எழுதினால் அந்த வரியை எப்படியாவது முடித்தாக வேண்டும். பிள்ளை பிறந்தது, கரு கலைந்தது, வேறு இடத்துக்குப் போனாள், இல்லாவிட்டால் தாய் இறந்தாள். இந்த நாலில் ஒன்று. தாய் இறந்தாள் என்று எழுதினால் மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். எங்கே போனாள், யாரிடம் போனாள், யார் கூட்டிக்கொண்டு போனது என்று மச்சாளைத்தான் முதலில் கேட்பார்கள். உன் அம்மாவைப் பொலிசில் இருத்திக் கேள்வி கேட்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கவா? அதனால்தான் வேறு இடத்துக்குப் போனாள் என்று எழுதினேன். வேறு விலாசம் எனக்கு வாயில் வரவில்லை. அவள் அந்த வீட்டைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைத்துக்கொண்டிருந்தாள். உன் அறைக்கு வாவிப்பக்கம் ஜன்னல் வைக்கச் சொல்லி மேசனோடு சண்டைபிடித்தவளும் அவள்தான்.

நீ கேட்ட ஒப்பம் என்னால் தர ஏலாது. பேர் கெட்டுப் போகும் என்று சொல்லவில்லை, இனி எனக்கென்ன பேர். போனவளை ஏன் மறுபடி இழுத்து நடுத்தெருவில் வைக்கிறாய்? மச்சாள் தாங்கமாட்டா. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டத்தைத் திருத்தக்கூடாது என்று கோயில் தலைவர் ஒரு மகஜர் கொண்டுவந்தார். அதில் நானும் ஒப்பம் வைத்திருக்கிறேன். என் இந்தக் கையில் எத்தனை தலை வந்து விழுந்திருக்கிறது தெரியுமா? கருவை அழிக்கலாம் என்று எழுத இந்தக் கை வராது மனே.

நேரத்துக்குச் சாப்பிடு. கோட்டுக்குப் போகிற அவதியில் வெறும் தேத்தண்ணியோடு ஓடுகிறாயாம் என்று மச்சாள் சொன்னா.

மாமி


நாவற்குடா
25.02.2025

மாமிக்கு,

உங்கள் கையில் வந்து விழுந்த தலைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அக்காவின் பிள்ளைக்குத் தலை இல்லை. மண்டையோடு வளரவில்லை என்று ஐந்தாம் மாத ஸ்கேனில் சொன்னார்கள். அந்த ஒரு கருவைப் பற்றி உங்கள் மகஜர் என்ன சொல்கிறது? கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் வேறெந்த விஷயத்தில் ஒன்றாய் ஒப்பம் வைத்திருக்கின்றன, சொல்லுங்கள் பார்ப்போம்.

அம்மாவைப் பொலிசிலிருந்து காப்பாற்றத்தான் எழுதினேன் என்கிறீர்கள். நம்பலாம். ஆனால் உங்கள் வீட்டு முன்விறாந்தையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிற சான்றிதழ் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "தாய் மரணம் இல்லாத பிரிவு." 2018 வரைக்கும் பதினெட்டு வருடம். அக்கா செத்த வருடக் கடைசியில் பத்தொன்பதாவது வருடத்துக்கு மேடை ஏறினீர்கள். மாலையோடு நிற்கிற படத்தை முகநூலில் பார்த்தேன். அந்தப் படத்தில் நீங்கள் சிரிக்கிறீர்களா இல்லையா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

போன வாரம் றிஸ்லா மறுபடி வந்தாள். நான் "அக்கா வெளிய போயிரிக்கா" என்று சொன்னதை நம்பி, பிள்ளைக்கு ஒரு புதுத் தடுப்பூசி அட்டையும் கொண்டுவந்திருந்தாள். பேனையைத் திறந்து, "பேரென்ன மிஸ்? ஆம்பிளப் பிள்ளையா, பொம்பிளப் பிள்ளையா?" என்று கேட்டாள். இனியும் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவள் பேனையை மூடினாள். பிறகு, "இந்த வரிய நான் எப்பிடி மிஸ் முடிக்கிற?" என்றாள். அழுதுவிட்டாள் பாவம். இருபத்தாறு வயசுதான் இருக்கும்.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டாள். பெயர் எழுதாத அட்டை என் மேசையில் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை. இந்த வீட்டில் அக்கா ஒருநாளும் படுத்ததில்லை. ஆனாலும் வாவிக் காற்றுக்கு அந்த ஜன்னல் அடிபடும்போதெல்லாம் கிறுகிப் பார்க்கிறேன். அரசாங்கத்தின் கணக்கில் அவளும் பிள்ளையும் இங்கேதானே இருக்கிறார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது? அம்மாவிடம் கேட்டால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுகிறா. அத்தானிடம் கேட்க வழியில்லை. மனைவி போனபின் மனைவி வீட்டில் இருக்க முடியாதென்று ஒரு பையோடு போனவர், கட்டாரில் இப்போது வேறு குடும்பம். நீங்கள்தான் மிச்சம். ஒப்பம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. எனக்காவது சொல்லுங்கள்.

மேனுகா


கிரான்
17.03.2025

மேனுகா,

இன்று அவளுடைய நாள். காலையில் மச்சாள் வீட்டுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் ஒருநாளும் எழுதமாட்டேன்.

2019 மார்ச் முதலாம் திகதி யசோதினி ஸ்கேன் எடுத்துவிட்டு பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே என் கிளினிக்குக்கு வந்தாள். "டொக்டர் அந்தத் திரைய அங்கால திருப்பிப் போட்டார் மாமி, எனக்குக் காட்டல்ல" என்றாள். பிறந்தாலும் மணித்தியாலக் கணக்குத்தான், ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்தில்லாதபடியால் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த டொக்டரும் என்ன செய்வார். "இன்னும் நாலு மாசம் ஆக்கள் வயித்தத் தொட்டுத் தொட்டு, ஆம்பிளையா பொம்பிளையா எண்டு கேப்பாங்க. நான் என்னத்த மாமி சொல்லுற?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுமந்துதான் தீரணும் புள்ள. கிளினிக்க மட்டும் விட்டிராத." அந்த மாதத்துத் திரிபோஷாச் சத்துமாப் பைக்கற்றையும் கையில் கொடுத்து அனுப்பினேன். அதை அவள் கோழிக்குப் போட்டாளாம். மச்சாள் வந்து முறையிட்டபோதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பதினாலாம் திகதி வியாழக்கிழமை தனியாக எங்கேயோ போய்விட்டு பின்னேர பஸ்ஸில் வந்திருக்கிறாள். எந்த வீடு, யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெயரூபன் அந்தக் கிழமை வேலையாக வெளியூரில். சனிக்கிழமை காலை மச்சாள் கூப்பிட்டா. போனேன். நெற்றியைத் தொட்டேன், கை சுட்டது. அறைக்குள் அடித்த வாடையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிற்று. இருபத்தேழு வருடச் சேவை. ஓட்டோவைக் கூப்பிடு என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க பொலிசுக்குச் சொல்லியே ஆகணும், புள்ளையப் புடிச்சிருவாங்க" என்று மச்சாளுக்குச் சொன்னேன். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன் மனே. யாரோ எப்போதோ சொன்னதை இருபத்தேழு வருடமும் சட்டம் என்று நம்பியிருந்தேன். என் பையில் கிடந்த குளிசைகளைக் கொடுத்தேன். ஈரத்துணி வைத்தேன். பின்னேரம் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. சரி, தப்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகுதான் ஓட்டோ. என் மடியில் தலை. போகும்போது ஒரு கேள்வி கேட்டாள். "மாமி, உங்கட புத்தகத்தில என்னப்பத்தி என்ன எழுதப்போறீங்க?" "ஒண்டும் எழுதமாட்டன் புள்ள, நீ கண்ண மூடாத" என்றேன். கிரான் சந்தியைத் தாண்டவில்லை.

ஒன்றும் எழுதமாட்டேன் என்று சொன்னவள் அடுத்த நாளே எழுதினேன். சாவுக்கு முந்திய திகதி ஒன்றைப் போட்டு, உன் விலாசத்தை எழுதினேன். உன் அம்மாவுக்காகத்தான். ஆனால் அந்தச் சான்றிதழ் என் மனதில் வரவே இல்லை என்று இன்றைய நாளில் இருந்துகொண்டு பொய் சொல்ல ஏலாது. வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தது. எங்கள் பகுதி அவள் உன் பகுதிக்குப் போய்விட்டாள் என்று இருந்தது. உன் பகுதியில் கூரையில்லாத வீட்டைப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று திரும்பிவிட்டார்கள். அவளுடைய சாவு இரண்டு பகுதியிலும் இல்லை.

அடுத்த வருடம் ஒரு பயிற்சி வகுப்பு. கருவைக் கலைத்துவிட்டு இரத்தப்போக்கோடு, காய்ச்சலோடு யார் வந்தாலும் முதலில் வைத்தியம் பாருங்கள், பொலிசுக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை என்று அந்த டொக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் தேத்தண்ணிக்கு எழும்பிப் போன பிறகும் கதிரையிலேயே இருந்தேன். என்ட அம்மாளே, ஓட்டோ கூப்பிட்டிருந்தால் போதும்.

சான்றிதழை அன்று பின்னேரமே கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. வேலையிலிருந்து இளைப்பாறி இரண்டு வருடமாகிறது. இன்னும் ஒவ்வொரு ஜூலையும் பத்தொன்பதாம் திகதி காலையில் என் பிரசவப் பையை எடுத்து, கையுறை, கத்தரி, சுத்தத் துணி எல்லாம் சரிபார்த்து அடுக்கிவிடுகிறேன். "எங்க போறாய்?" என்று உன் மாமா கேட்பார். அப்போதுதான், போவதற்கு ஒரு பிரசவமும் இல்லை என்று எனக்குத் தெரியவரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதமாட்டேன். உனக்கு அது வேண்டாம்.

மாமி


நாவற்குடா
02.04.2025

மாமி,

கடிதம் கிடைத்து பத்து நாளுக்கு மேலாகிறது. எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். உங்களைக் கோபிக்கத்தான் உட்கார்ந்தேன். ஏலவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்டது என்னவென்று எனக்குத் தெரியும். நானே எழுதுகிறேன்.

அந்த மார்ச் ஒன்பதாம் திகதி அக்கா எனக்குத் தொலைபேசியில் எடுத்தாள். நான் கொழும்பில் அறையில் இருந்தேன். அடுத்த கிழமை சோதனை, தண்டனைச் சட்டம். மேசை நிறையப் புத்தகம். ஸ்கேன் விஷயத்தை அழாமல் சொன்னாள். "நீ சட்டம் படிக்கிறாய்தானே. இதுக்கு ஏதும் வழி இரிக்காடி?" என்று கேட்டாள்.

படித்தது முழுக்க நாக்கு நுனியில் நின்றது. முந்நூற்று மூன்றாம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் கலைக்கலாம், மற்றபடி மூன்று வருடம் வரை, தானே செய்துகொண்ட தாய்க்கும் அதேதான் என்று ஒப்புவித்தேன். அதோடு விட்டேனா? "பிள்ள அசையுதா?" என்று கேட்டேன். "ஓம், பின்னேரத்தில அசையுது" என்றாள். "அப்ப ஏழு வருஷம் வரைக்கும் போகும்."

அவள் "தலை இல்லாததுக்குமாடி?" என்று கேட்டாள்.

"சட்டத்தில அப்பிடிப் பிரிக்கல்ல அக்கா."

இதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நான் வரட்டா என்று கேட்கவில்லை. "படிக்கணும், வைக்கட்டா" என்றேன். சோதனையில் அந்தப் பிரிவு வந்தது மாமி. நல்லாய் எழுதினேன். அந்தத் தாளில் எனக்கு நல்ல புள்ளிகளோடு திறமைச் சித்தி. முடிவு வந்த அன்று அவள் செத்து மூன்று மாதம்.

ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று சனிக்கிழமை யாராவது கேட்டிருந்தாலும் அவள் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். ஏழு வருடம் என்று சொன்னது நான். அதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், அதைத்தான் நீங்கள் மறைக்கிறீர்கள். நான் முப்பத்தோராம் நாள் அத்தனை பேர் முன்னால் உங்களைக் கொலைகாரி என்று கத்தினேன். நீங்கள் வாய் திறக்காமல் நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன். அது தெரிந்துதானே நின்றீர்கள்?

குழுவுக்கு முதலில் என் வாக்குமூலத்தை எழுதுகிறேன். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும். சட்டம் தெரிந்த தங்கை என்ன செய்தாள் என்று அவர்கள் படிக்கட்டும்.

மேனுகா


கிரான்
20.05.2025

என்ட மனே,

ஓம், சொன்னாள். நீ நினைக்கிறமாதிரி இல்லை. சனிக்கிழமை காய்ச்சலோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேனுகாவுக்கு ஒண்டும் சொல்லிராதீங்க மாமி, அவளுக்குச் சோதனை. அவள் சொன்னதாலதான் நான் பயப்புடுறன் எண்டு நினைச்சிருவாள். அவள் என்ன செய்வாள், புத்தகத்தில இரிக்கிறதத்தானே சொன்னாள்" என்றாள். இதைத்தான் நான் ஆறு வருடம் வாயில் வைத்திருந்தேன். அவளுக்குக் கொடுத்த வாக்கில் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அதுவும் போயிற்று, நீ கெட்டிக்காரி.

கடிதம் பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் கோயில் தலைவர் வீட்டுக்குப் போனேன். மகஜரில் என் பெயரை வெட்டச் சொன்னேன். அது அனுப்பியாயிற்று என்றார். அப்படியென்றால் வெட்டச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "என்ன மிஸ், பாவத்துக்கா துணை போறீங்க?" என்றார். "பாவத்துக்குத் துணை போனது ஆறு வருஷத்துக்கு முதல்ல, இப்ப கிறுகி வாறன்" என்றேன். மனிசன் எழுதிக் கொடுத்தார்.

பிறகு சுகாதாரப் பணிமனை. புதிதாக வந்திருக்கிற டொக்டர் சின்னப் பெண். எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "விசாரணை வரும், தெரியும்தானே மிஸ்? பென்சன் கூட நிக்கலாம்" என்றா. தெரியும் என்றேன். சான்றிதழையும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவவுக்கு அதைத் தொட விருப்பமில்லை, எனக்குத் திரும்பத் தூக்கவும் விருப்பமில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கடைசியாக மச்சாள். ஆஸ்பத்திரியில் பொலிசுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். மச்சாள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து, சீலைக்குள் சுற்றி வைத்திருந்த யசோதினியின் கர்ப்பிணி அட்டையை மடியில் போட்டா. "இதையும் சேத்து அனுப்பு. என்ட புள்ளைட பேரப் போடு. முழுப்பேரையும் போடு" என்றா.

வாக்குமூலம் ஆறு பக்கம், என் ஒப்பத்தோடு, அட்டையும் உள்ளே இருக்கிறது. நானும் பதிவுத் தபாலில்தான் போடுகிறேன். தபால்காரர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

மாமி


நாவற்குடா
19.07.2025

மாமி,

உங்கள் எண்ணைத் திறந்து ஒரு மாதமாகிறது, அது உங்களுக்கே தெரியும். ஆனாலும் இதை எழுதித்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. தபாலில் போடவில்லை. அம்மா இப்போது பஸ் ஏறுகிறா, கையில் கொடுத்து விடுகிறேன்.

அம்மா வந்தது ஏன் என்று சொல்லியிருப்பா. இன்று காலை றிஸ்லா பதிவேட்டையே கொண்டுவந்தாள். உங்கள் கடிதத்தை வைத்து மேலிடம் அனுமதி கொடுத்துவிட்டது. அம்மாவுக்கும் எனக்கும் முன்னால், உங்கள் வரிக்குக் கீழே சிவப்பு மையால் எழுதினாள். "தாய் மரணம், 17.03.2019." அம்மா விரலால் அதைத் தொட்டுப் பார்த்தா. என் மேசையில் கிடந்த தடுப்பூசி அட்டையை றிஸ்லாவிடம் நீட்டினேன். அம்மா, "அது இங்க கிடக்கட்டும்" என்றா.

குழுவிலிருந்து பதில் வந்தது. கடிதங்கள் கிடைத்தன, மேலும் ஆலோசிக்க வேண்டியிருக்கிறது, அடுத்த அமர்வின் திகதி பின்னர் அறிவிக்கப்படும். அவ்வளவுதான். எதிர்த்து வந்த மகஜர்களில் ஆயிரக்கணக்கில் ஒப்பமாம். எங்களிடம் பதினொரு வாக்குமூலம். சட்டம் அக்கா கேட்ட அன்று எப்படியோ இன்றும் அப்படித்தான்.

நேற்று றிஸ்லா ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். பெயர் எழுதமாட்டேன். ஐந்தாம் மாதம், கையில் ஸ்கேன். அதே வருத்தம் மாமி, அதே வளராத தலை. வாவிப்பக்க ஜன்னலுக்குக் கீழே இருந்து, "ஏதும் வழி இரிக்கா மிஸ்?" என்று கேட்டாள். ஏழு வருடம் என்ற அந்த எண் நாக்கு நுனிவரை வந்தது.

பொய் சொல்லவில்லை. சட்டத்தில் வழி இல்லை என்று சொன்னேன். "எத்தின வருஷம் போடுவாங்க?" என்று கேட்டாள். "அது என்ட வேல. காய்ச்சலோ ரத்தமோ என்ன நடந்தாலும், எந்த நேரமெண்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒருத்தரும் பொலிசுக்குச் சொல்லத் தேவையில்ல. ஆரும் ஏதும் கேட்டா நான் வந்து நிப்பன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா தெரியவில்லை. சுமப்பதா இல்லையா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. தாய் இல்லாத பெண். புருஷன் கடலுக்குப் போகிறவன். பக்கத்தில் இருக்க ஒருவரும் இல்லை.

எது நடந்தாலும் அவளோடு ஒரு ஆள் இருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டதும் விளங்குகிற கை, விளங்கிய நிமிஷமே ஓட்டோவைக் கூப்பிடுகிற ஆள். அப்படி ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். விசாரணைக்கு அடுத்த மாதம்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவரைக்குமாவது இங்கே வந்து இருங்கள். வாவிப்பக்க அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

இன்றைக்குப் பத்தொன்பது. காலையிலேயே பையை அடுக்கியிருப்பீர்கள். அதை அவிழ்க்க வேண்டாம். நாளைக்கு அதையும் தூக்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறுங்கள்.

வீடு பிடிபடாவிட்டால் தெருவில் என் பெயரைச் சொல்லாதீர்கள், ஒருவருக்கும் தெரியாது. றிஸ்லா வீடு வீடாய்க் கேட்டுத் திரிந்ததிலிருந்து இங்கே எல்லாருக்கும் இது யசோதினி வீடு. அப்படியே கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

மேனுகா